தோத்தவன் இலை எடுக்கணும்

ஊரையே உட்கார வைத்துச் சோறு போட்டுவிட்டு, கடைசியில் நின்றுகொண்டே ரசம் சோறு சாப்பிடுகிற என் அப்பாவுக்கு,

லோகு எழுதுகிறேன். இவன் எப்போது கடிதம் எழுதுகிற ஆளானான் என்று நீ சிரிப்பாய். பள்ளிக்கூடத்துக்கு எழுதிய லீவ் லெட்டர் தவிர நான் வேறு கடிதம் எழுதியதில்லை. அதிலும் பாதி, கையெழுத்து உன்னுடையது, கை என்னுடையது.

இதை எழுதி முடித்ததும் நம் சப்ளை பசங்களின் குரூப்பில் போடப் போகிறேன். எல்லோரும் படிப்பார்கள். நீ ஒருத்தன்தான் படிக்க மாட்டாய். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரில் என்றால் உன் முகத்தைப் பார்த்து இதில் ஒரு வரிகூட எனக்கு வந்திருக்காது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா திண்டிவனத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நாளெல்லாம் புடவை மடித்துவிட்டு வந்து, வீட்டில் எங்கள் துணியை மடிக்காமல் அப்படியே போடுகிறாள். கேட்டால் முறைக்கிறாள். உன் பைக் இன்னும் உதைத்தால்தான் கிளம்புகிறது. உன் போன் தங்கச்சிப் பாப்பாவிடம் இருக்கிறது. அவள் ஆறாவது வந்துவிட்டாள். போனில் உன் ஃபுட்பால் டீம் போன வாரம் வரை நீ வைத்தபடியே இருந்தது. பின்னால் ஐந்து பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் ஒரே ஒருத்தன். பாப்பா அதில் கை வைத்ததில்லை. தினம் சாயங்காலம் என்னோடு ஒரு மேட்ச் ஆடுவாள். தினமும் நான் தோற்றுவிடுவேன். பாவம், குழந்தை சிரிக்கட்டுமே என்றுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது, படிக்கிற மற்றவர்களுக்காக. பொறுத்துக்கொள்.

நீ கல்யாணப் பந்திக்குப் பசங்களைக் கூட்டிக்கொண்டு போகிற சப்ளை மேஸ்திரி. விழுப்புரம், திண்டிவனம், நடுவில் இருக்கிற ஊர் எதுவானாலும் வேனில் ஏற்றிக்கொண்டு போவாய். யார் சோறு, யார் சாம்பார், யார் பாயசம், யார் பின்னால் யார் வர வேண்டும் என்று நீ நிறுத்தினால் அந்த வரிசை மாறாது. ஒரு முகூர்த்தத்தில் நாங்கள் முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் நடுவில் போனில் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தோம். நீ திட்டுவதற்காகத்தான் வந்தாய்.

"பந்திக்கு நடுவுல இன்னாடா நோண்டிக்கினு இருக்கீங்க?"

சீனு போனைக் காட்டினான். சீனு எங்களில் மூத்தவன், உன் வலது கை. திரையில் பதினோரு சட்டைகள் வரிசை கட்டி நின்றன.

"இன்னாடா இது, யாரு யாரு எங்க நிக்கணும்னா?"

"ஆமா மேஸ்திரி. ஃபார்மேஷன்."

"அட, நம்ம வேலதானே இது. குடு இப்படி."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் உனக்குக் கடைசி வரைக்கும் விடவில்லை. கோல் கீப்பருக்குச் சோறு என்று பெயர் வைத்தாய். பின்னால் நிற்பவர்கள் சாம்பார், ரசம், மோர். நடுவில் கூட்டு, பொரியல். முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கர் பாயசம். நான் அதற்குப் 'பரிமாறேஷன்' என்று பெயர் வைத்தேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். மறுநாள் நீயே எல்லோரிடமும் பரிமாறேஷன், பரிமாறேஷன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய், ஏதோ நீ கண்டுபிடித்த மாதிரி.

இலை விவகாரம் அதற்குப் பிறகு வந்தது. சில கல்யாணங்களில் எச்சில் இலை எடுக்கத் தனியாக ஆள் வைப்பார்கள். வைக்காத இடத்தில் நாங்கள்தான் எடுக்க வேண்டும். பந்தி எழுந்தவுடன் எங்களில் ஒருத்தனையும் காண முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஒண்ணுக்கு வரும். தினமும் சண்டை. நீ ஒரே வரியில் முடித்துவைத்தாய்.

"பந்திக்கு ஒரு மேட்ச்சு. தோத்தவன் இலை எடுக்கணும். டிரா ஆச்சின்னா மேஸ்திரி எடுப்பேன்."

முறை போட்டு இரண்டு இரண்டு பேராக ஆடினோம். நீயும் ஆடினாய். சாம்பார் வாளி பிடித்துக் காய்த்துப்போன உன் கட்டைவிரலைப் போன் பாதி நேரம் மதிக்கவே மதிக்காது. துண்டில் துடைத்துத் துடைத்து அழுத்துவாய். ஓட்டம் கிடையாது, வித்தை கிடையாது. ஆனால் மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு டீமும் நிற்கிற படம் வருமே, அப்போது என் பக்கத்தைத்தான் உற்றுப் பார்ப்பாய். நான் நான்கு பேரை முன்னால் நிறுத்தியிருப்பேன்.

"எல்லாரும் பாயசத்தையே தூக்கிக்கினு ஓடினா சோத்த எவன்டா போடுவான்?" என்பாய். போய் முட்டுவேன், முட்டுவேன், உன் ஐந்து பேரைத் தாண்டவே முடியாது. கடைசியில் உன் ஒற்றைப் பாயசம் மெதுவாக வந்து ஒரு கோல் போட்டுவிட்டுப் போகும்.

என் பிறந்தநாளன்று விழுப்புரத்தில் ஒரு வேலை. அன்றைக்கு என் முறை உன்னோடு. புதுச்சட்டை போட்டிருந்தேன். "இன்னிக்கு ஒரு நாளு வுடேன்பா" என்று கேட்டேன்.

நீ துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாய். "வுடறதா? உன்னைய அவ்ளோ கேவலமா நான் நெனைக்கல."

மூன்று கோல் போட்டாய். புதுச்சட்டையோடு இலை எடுத்தேன். வயிறு எரிந்தது. உன் டீயில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். பசங்களெல்லாம் ஒளிந்துகொண்டு பார்த்தார்கள். நீ ஒரு வாய் குடித்தாய். என்னைப் பார்த்தாய். பொறுமையாக முழு டம்ளரையும் குடித்துவிட்டு, "நல்லாருக்கு. இன்னொண்ணு கொண்டா" என்றாய். நான் செய்த குறும்புகளில் படுதோல்வி அடைந்தது அது ஒன்றுதான்.

பிறகு நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதைப்பற்றி எழுதப் போவதில்லை.

உன் கருமாதிச் சாப்பாட்டுக்கு நம் பசங்கள்தான் பரிமாறினார்கள். உன் வரிசை மாறாமல் வந்தார்கள். சோறு, பின்னாலேயே சாம்பார். கல்யாணத்தில் சாப்பிட்டு எழுகிறவர்கள் இலையைத் தங்கள் பக்கம் மடிப்பார்கள். அன்றைக்கு எல்லா இலையும் எதிர்ப்பக்கம் மடிந்து கிடந்தது. எனக்கு உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை. பழக்கத்தில் எழுந்து ஒரு இலையில் கை வைத்துவிட்டேன். சீனு என் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ உக்காருடா" என்றான். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மறுபடி வேலைக்குப் போனேன். இப்போது சீனுதான் மேஸ்திரி. முதல் நாளே மேட்ச்சில் ஜெயித்தேன். அடுத்த முறையும் ஜெயித்தேன். சீனுவை ஜெயித்தேன், மற்ற எல்லோரையும் ஜெயித்தேன். நான்கு பேரை முன்னால் நிறுத்துகிற அதே பழைய ஃபார்மேஷன். கோல் மேல் கோல். அப்பாதான் மேலே உட்கார்ந்துகொண்டு என் விரலை ஆட்டுகிறார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உன் படத்தைத் திரும்பிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள். அதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பந்தியிலும் என் இடம் மாறியது. நீ எனக்கு முதல் நாளே ரசவாளியைக் கொடுத்தவன். இப்போது அப்பளம். அப்பளத் தட்டுக்கு எடை கிடையாது, சூடு கிடையாது. வேர்க்காது. எல்லோரும் சிரித்த முகத்தோடு இன்னொன்று கேட்பார்கள். பதவி உயர்வு என்று நினைத்தேன், அப்பா. நினைத்ததோடு விட்டேனா?

தோற்றவர்கள் குனிந்து இலை எடுக்கும்போது பின்னாலிருந்து போட்டோ பிடித்தேன். அதையெல்லாம் ஸ்டிக்கர் ஆக்கிக் குரூப்பில் போட்டேன். 'இலைஞர் அணி' என்று பெயர். சீனு படத்துக்குக் கீழே 'இலைஞர் அணித் தலைவர்' என்று எழுதி, தலைக்கு மேல் ஒரு வாழை இலையைக் குடையாக ஒட்டினேன். யார் எதைப் பேசினாலும் அந்த ஸ்டிக்கர்தான் என் பதில். அவர்களும் சிரித்தார்கள். ஒருத்தன்கூடத் திருப்பி என்னை வைத்து ஒன்றும் செய்யவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நம் பசங்கள் சும்மா விடுகிற ஜாதியா?

திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சஞ்சய் என்று புதுப் பையன் வந்தான். பொம்மையார்பாளையத்துக்காரன். பேச்சு குறைவு, விரல் வேகம். முதல் மேட்ச்சே என்னோடு. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டான். நான் பந்தைத் தொட்டதாகவே ஞாபகம் இல்லை. இடைவேளையில் சீனு அவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற மாதிரி குனிந்து காதில் ஏதோ சொன்னான். சஞ்சய் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

இரண்டாம் பாதி தொடங்குவதற்கு முன்னால் டீம் நிற்கிற படம் வந்தது. நீ சொல்லிக்கொடுத்த பழக்கம் இல்லை, ஆனால் உன்னைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். எதிராளியின் பக்கத்தைப் பார்த்தேன். பின்னால் இரண்டே பேர். கீப்பர் இடத்தில், கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு கோல் போட்ட அவனுடைய ஸ்ட்ரைக்கர் நின்றுகொண்டிருந்தான். சோற்று அண்டாவுக்குள் பாயசம்.

ஐந்து கோல் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். கொஞ்சம் ஜாஸ்தியாகவே தட்டினார்கள். பந்தி எழுந்ததும் சஞ்சய் பிளாஸ்டிக் டப்பை இழுத்துக்கொண்டு இலை எடுக்கப் போனான். நான் பின்னாலேயே போனேன்.

"டேய், கீப்பர ஏன்டா மாத்தின?"

"கை பட்டுடுச்சிண்ணே."

"பின்னாடி ரெண்டு பேரக் காணோமே, அதுவும் கை பட்டதா?"

அவன் ஒரு இலையை எடுத்து டப்பில் போட்டான். அப்புறம் இன்னொன்று. "அண்ணே, என்னைய மாட்டி வுடாத. சீனு அண்ணன்தான் சொல்லுச்சு. மேஸ்திரி புள்ளைய இலை எடுக்க வுடக் கூடாதாம். எல்லாரும் அப்படித்தான் ஆடறாங்களாம். எனக்குத்தான் யாரும் மொதல்லயே சொல்லல."

கோல் போட வந்தவன் கோள் சொல்லிவிட்டான். வேறொரு நாள் என்றால் இந்த வரிக்கே ஒரு ஸ்டிக்கர் போட்டிருப்பேன். அன்றைக்குக் கையில் அப்பளத் தட்டோடு நின்றேன். அத்தனை ஜெயிப்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. என் எதிரில் எத்தனை கீப்பர்கள் காணாமல் போயிருந்தார்கள், எத்தனை டிஃபெண்டர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அதைத் திறமை என்று நினைத்தேன். அவர்கள் உனக்காகக் குனிந்தார்கள். நான் அந்த முதுகைப் போட்டோ பிடித்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இனிமேல் எழுதப் போவதுதான் இந்தக் கடிதத்தில் எனக்குக் கை கூசுகிற இடம்.

தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலும் ஜெயித்தேன். அதற்கடுத்த முகூர்த்தத்திலும் ஜெயித்தேன். தெரிந்தே ஜெயித்தேன். சீனு இடுப்பைப் பிடித்துக்கொண்டு டப்பை இழுத்துக்கொண்டு போனான். நான் தூணோரம் நின்று பார்த்தேன். ஏன் சொல்லவில்லை? எச்சில் இலைக்குக் குனிய எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான். நீ செத்தது எனக்கு வசதியாக இருந்தது. இந்த வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். அடிக்காமல் விடுகிறேன்.

பாயசம் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் என்று நீ என்னைச் சொல்வாயே. அப்பளம்கூடத் தூக்க லாயக்கில்லாதவன் நான்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு வேலை. என் முறை சீனுவோடு. நான் ஒரு திட்டம் போட்டுக்கொண்டு போனேன். நேராகப் போய்ப் பேசத் தைரியம் இல்லாதவனுக்குக் குறும்புதானே வழி. என் டீமில் கீப்பரைத் தூக்கிவிட்டு ஸ்ட்ரைக்கரை நிறுத்தினேன். பின்னால் ஆளே வேண்டாம் என்று எல்லோரையும் முன்னால் தள்ளினேன். மேட்ச்சுக்கு முன்னால் படம் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இரண்டு கோலிலும் தப்பான ஆள்.

"இன்னாடா இது? உன் கீப்பர் எங்க?" என்றான் சீனு.

"லீவு."

"பின்னாடி ஒருத்தனும் இல்ல?"

"அவனுங்களும் கல்யாணத்துக்குப் போயிருக்கானுங்க. உன் கீப்பர் எங்க?"

சீனு ஸ்டார்ட்டை அழுத்தினான். ஆட்டம் தொடங்கியது. நான் பந்தை எடுத்துத் திரும்பி என் கோலுக்குள்ளேயே ஓடினேன். சேம் சைடு கோல். சீனு ஒரு நிமிஷம் போனையே பார்த்தான். பிறகு அவன் பந்தை எடுத்து அவன் கோலுக்குள் ஓடினான். ஒன்றுக்கு ஒன்று. நான் மறுபடி. அவன் மறுபடி. பசங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இன்னா மேட்ச்சுடா இது, ரெண்டு பேரும் ரிவர்ஸ் கியர்லயே ஓட்டிக்கினு போறீங்க?"

நாலுக்கு நாலு ஆகும்வரை சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தனாகச் சிரிப்பை நிறுத்தினான்.

"எத்தினி நாளா இப்படி ஆடிக்கினு இருக்க?" என்று கேட்டேன்.

"ஆட்டத்த ஆடுடா."

"எத்தினி நாளா சீனு?"

"உங்கப்பா போனதுலேர்ந்து. இப்ப இன்னா அதுக்கு?"

"நான் ஸ்டிக்கர் போட்டேனே."

"போட்ட. நல்லாதான் இருந்திச்சி. எங்க அம்மாகூட பாத்து சிரிச்சிது."

அவன் என்னை நாலு அறை விட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சீனுவின் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்கிறவள்.

"உனக்கு இன்னாதான்டா வேணும்?" என்றான்.

"ஒழுங்கா தோக்கணும்."

"அதுக்கு நீ ஒழுங்கா ஆடணும். உன் ஆட்டத்துக்கு வுட்டுக்குடுக்கறது இன்னா லேசா? தோக்கறதுக்குள்ள எங்களுக்கு நாக்கு தள்ளிடுது. செம பேஜாரு."

சமையல்கட்டிலிருந்து மாஸ்டர் ஏழுமலை அண்ணன் குரல் வந்தது. "டேய், இலை போட்டாச்சி, ஜல்தி வாங்கடா." மேட்ச் முடிந்தது. எட்டுக்கு எட்டு.

டிரா. டிரா ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சீனு எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். "இப்ப மேஸ்திரி நான்தான்" என்றான்.

பந்தி எழுந்ததும் நான் டப்பின் இன்னொரு காதைப் பிடித்தேன். டப்பை நடுவில் கொண்டுபோய் வைத்தோம். அந்தக் கோடியிலிருந்து அவன், இந்தக் கோடியிலிருந்து நான். குனிந்து எவ்வளவு நாளாயிற்று என்று என் இடுப்பு எனக்குச் சொன்னது. கடைசி இலையை அவன் எடுப்பான் என்று நான் நிற்க, நான் எடுப்பேன் என்று அவன் நிற்க, சஞ்சய் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க வேன் நின்றது. சீனு பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். "வா, ஒழுங்கா தோக்க வக்கறேன்" என்று போனை எடுத்தான். படம் வந்தது. பின்னால் ஐந்து பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் ஒரே ஒருத்தன்.

"இது எங்கப்பாவோடது."

"பின்ன எங்கப்பாவோடதா? எங்கப்பா கேரம்கூட ஆடாது." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் எதிர்ல மட்டும் இத்த எடுக்காம வச்சிருந்தேன். ஆடு."

முட்டினேன், முட்டினேன், தாண்டவே முடியவில்லை. கொஞ்ச நேரம் நான் யாரோடு ஆடுகிறேன் என்றே மறந்துபோனது. நான்கு கோல் வாங்கினேன். ஒன்றுகூடப் போடவில்லை. முடிந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டீ டம்ளரை முகத்துக்கு நேராகத் தூக்கிக் குடித்தேன். உப்புக் கரித்தது. பொது இடத்தில் இப்படியா அழுது வழிவது என்று இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. கண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

சஞ்சய் வேனுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தான். மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்கள். சீனு மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முழு டம்ளரையும் குடித்தேன், அப்பா. கீழே வண்டல் மாதிரி நின்ற உப்பையும் சேர்த்து. "நல்லாருக்கு. இன்னொண்ணு சொல்லு" என்றேன். நீ போன பிறகு பசங்கள் எனக்குச் செய்த முதல் குறும்பு அது. இரண்டாவது டம்ளருக்குத்தான் கண் நிஜமாகவே நனைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் தோற்றேன். ஒழுங்காக, சஞ்சயிடம். இலை எடுத்தேன். அந்தப் போட்டோ உடனே ஸ்டிக்கராக வந்துவிட்டது. 'இலைஞர் அணி, புது உறுப்பினர்.' என்னுடைய பழைய ஸ்டிக்கர்களை எல்லாம் அழிக்கலாமா என்று சீனுவிடம் கேட்டேன். "என்னுத இருக்கட்டும், அம்மா கேக்கும்" என்றான். அப்பளத் தட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது எனக்குச் சாம்பார் வாளி. வலது கட்டைவிரலில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது. அந்த விரலைப் போன் சரியாக மதிப்பதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாப்பா உன் போனோடு காத்திருந்தாள். வழக்கம்போலத் தோற்பதற்காக உட்கார்ந்தேன். படம் வந்தது. அவள் பக்கம் உன் ஃபார்மேஷன். என் பக்கம் பார்த்தேன். கீப்பர் இடத்தில் ஸ்ட்ரைக்கர். நான் தினமும் அவளுக்காக வைக்கிற ஆள்தான். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை, அப்பா. சத்தியமாகத் தோன்றவில்லை. சீனு எனக்குச் செய்ததை நான் இவளுக்கு இத்தனை நாளும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

கீப்பரை அவன் இடத்தில் நிறுத்தினேன். பின்னால் நான்கு பேரை வைத்தேன். மூன்று கோல் போட்டேன். பாப்பாவின் உதடு பிதுங்கியது.

"நேத்து வரைக்கும் ஜெயிச்சனே."

"நேத்து வரைக்கும் நான் வுட்டுக்குடுத்தேன்."

"ஏன்?"

நான் விரலைச் சட்டையில் துடைத்தேன். அவளே சொன்னாள். "அப்பா இல்லன்னுதானே?"

அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். "சின்னக் குழந்தைய ஜெயிக்க வுட்டா இன்னாடா கொறைஞ்சி போயிடுவ?"

"அவள அவ்ளோ கேவலமா நான் நெனைக்கலம்மா" என்றேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு மேட்ச்சு" என்றாள். போனைத் திருப்பிப் பிடித்து என்னவோ செய்தாள். எட்டிப் பார்த்தேன். உன் ஐந்து பேரில் ஒருத்தனைப் பின்னாலிருந்து இழுத்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தாள். நீ வைத்ததில் கை வைக்கிறாள். என் கை தடுக்கப் போனது. நடுவிலேயே நிறுத்திக்கொண்டேன்.

அந்த மேட்ச்சிலும் அவள் தோற்றாள். ஆனால் ஒரு கோல் போட்டாள். அது நான் விட்ட கோல் இல்லை, அப்பா. என் கீப்பர் அவன் இடத்தில்தான் நின்றான். நான் விழுந்து தடுத்தேன். அதையும் மீறிப் போட்டாள்.

இனி அவளுக்கு விட மாட்டேன். யாரையும் எனக்கு விட்டுக்கொடுக்க விடவும் மாட்டேன். அவள் என்னை நிஜமாகத் தோற்கடிக்கிற நாளில், புதுச்சட்டை போட்டிருந்தாலும், வீட்டுத் தட்டு மொத்தத்தையும் நான் கழுவுவேன். டிரா ஆனாலும் நான்தான். வீட்டுக்கு மேஸ்திரி வேண்டுமே.

இப்படிக்கு,
உன்னிடம் ஒரு மேட்ச்சுகூட ஜெயிக்காத உன் பிள்ளை,
பாப்பாவின் அண்ணன்,
லோகு